முழங்கையில் ஒரு விரல்

அமலோற்பவத்துக்குப் பொறாமை. அதை அவள் மறைக்கவும் இல்லை. நேராகச் சவரிமுத்து சார் அறைக்குள் போய் நின்றாள்.

தென்காசிப் பக்கம் ஒரு சிறப்புப் பள்ளி அது. சாரிடம் தொழில் கற்று அங்கேயே டீச்சர் ஆனவள் அவள்; எல்லாருக்கும் அமலம்.

“முப்பிடாதியை என் வகுப்புக்கே திருப்பி அனுப்புங்க சார்.”

“எதுக்கு?”

“அவ என் பிள்ளை.”

“அவ அம்மா பேரு மாரிக்கனி. வேற காரணம் சொல்லு.”

முப்பிடாதிக்குப் பன்னிரண்டு வயது. பேச்சு வராது. சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோவதைக்கூட வருஷக்கணக்கில் பழக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துப் பழக்கியவள் அமலம்தான். போன மாதம் பிள்ளையைக் கோமதியின் வகுப்புக்கு மாற்றினார்கள். போன வேகத்தில் தானாகச் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

“நேத்து அவ அம்மா கோமதிக்கு அல்வா கொண்டாந்து கொடுக்கா. கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. நான் வாசல்லதான் நிக்கேன். என்னை ஒரு வார்த்தை கேக்கலை.”

“உனக்கும் அல்வா வேணுமா?”

“கேலி பண்ணாதீங்க சார். வயிறு எரியுது. முந்தாநாள் வந்தவ அவ. அவகிட்ட இருக்கறது எங்கிட்ட என்ன இல்லை?”

சாப்பாட்டு மணி அடித்தது. சார் எழுந்தார்.

“வா.”

கோமதியை வேறு வேலையாக அனுப்பிவிட்டு, அமலத்தைச் சாப்பாட்டுக் கூடத்து ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினார். உள்ளே முப்பிடாதி தட்டின் முன்னால் தனியாக இருந்தாள். பிசைந்தாள். உருட்டினாள். தின்றாள். தாடையெல்லாம் சாம்பார். யாரையும் பார்க்கவில்லை.

“அந்த உருட்டு நான் பழக்கினது” என்று முணுமுணுத்தாள் அமலம்.

“தெரியும். உள்ள போய்ப் பக்கத்துல உக்காரு.”

போய் உட்கார்ந்தாள். முப்பிடாதி திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. உருட்டிய சோற்றைத் தட்டிலேயே விட்டாள். முழங்கையை அமலத்தின் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

அமலத்தின் விரல் தன்னால் நீண்டது. முழங்கையை லேசாகத் தொட்டது. உடனே பிள்ளையின் கை எழுந்தது, வாய் திறந்தது.

அடுத்த வாய்க்கும் முழங்கைதான் முதலில் வந்தது.

பின்னாலேயே உள்ளே வந்து நின்ற சாரை அமலம் நிமிர்ந்து பார்த்தாள்.

“முதல்ல மணிக்கட்டைப் பிடிச்சே. பிறகு முழங்கையைத் தாங்கினே. பிறகு ஒரு விரல். எல்லாம் நான் சொன்னபடிதான். அந்த விரலையும் எடுத்துரணும்னு சொன்னேன்.”

“எடுத்தா பட்டினி கிடந்துருவாளோன்னு...”

அமலம் தன் விரலைப் பார்த்துக்கொண்டாள்.

“கோமதி எடுத்துட்டாளாக்கும்?”

“அவ எங்க எடுத்தா? அங்க விரல் வைக்கணும்னே அவளுக்குத் தெரியாது.”

“அப்ப சும்மா இருந்தவளுக்கு அல்வாவா?”

“ஆமா.”

அமலம் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பிறகு பிடிவாதமாகக் கேட்டாள்.

“என் வகுப்புக்கு அனுப்புவீங்களா, மாட்டீங்களா?”

“அனுப்புதேன். இப்பமே கூட்டிட்டுப் போ.”

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. எழுந்திருக்கவும் தோன்றவில்லை. முப்பிடாதியின் முழங்கை அவள் பக்கம் நீண்டபடியே இருந்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. அமலம் இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“சார், என்னையே பாத்துக்கிட்டிருக்கா. எனக்குக் கை நிக்க மாட்டேங்குது. நான் என்னதான் செய்ய?”

சார் அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். சோறு போட்டார். குழம்பு ஊற்றினார். அமலத்தின் முன்னால் வைத்தார்.

“நீ சாப்பிடு.”