இரண்டு ஊருக்கு நடுவே ஓர் அடுப்படி

கொடுவனூரில் மனையில் பாதிக்குமேல் வீடு கட்டக் கூடாது, மீதி காற்றுக்காம். பக்கத்து ஊர் மாங்கரையிலோ முக்கால்வாசி கட்டலாம். இரண்டு ஊர் எல்லையில், இட்லி அவித்து விற்கும் செல்லக்கிளியின் வீடு முக்கால் மனையை அடைத்துக்கொண்டு நின்றது.

கொடுவனூர் பேரூராட்சி அதிகாரி தணிகாசலம் ஜேசிபியோடு வந்து இறங்கினார். “பாதியைத் தாண்டி நிக்குற அந்த அடுப்படியை இடிங்கய்யா!”

“மாங்கரைச் சட்டப்படி இது சரிதானுங்களே, சார்?”

“இது மாங்கரை இல்லம்மா. சந்தேகமே வேணாம், எங்க ஊரு!”

“எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க, சார்.”

தெருவே அதிரச் சொன்னார்.

செல்லக்கிளி கும்பிட்டாள். “போன வெள்ளத்துல நிவாரண அரிசி கேட்டு வந்தேன். ‘நீ மாங்கரைக்காரி, போ’ன்னீங்க. அங்க போனா, ‘நீ கொடுவனூர்க்காரி’ன்னு வெரட்டுனாங்க. இன்னிக்குத்தான் எனக்குன்னு ஒரு ஊர் கெடச்சிருக்கு. அந்த அரிசியைக் குடுத்துட்டு இடிங்க, சார்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. “எல்லையைச் சரிபார்க்கணும்” என்று முனகிக்கொண்டே தணிகாசலம் ஜீப்பில் ஏறினார். ஜேசிபியும் திரும்பிப் போனது.

ஐப்பசியில் மறுபடி வெள்ளம் வந்து, அந்த அடுப்படியை அடித்துக்கொண்டு போனது. செல்லக்கிளி நனைந்த பாயோடு கொடுவனூர் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள்.

தணிகாசலம் தலையை நிமிர்த்தவில்லை. “எல்லையை இன்னும் சரிபார்க்கலையேம்மா.”