கசப்புப் பணியாரம் சுட்ட ஆவுடைத்தாயி

ஒரே ஒரு ஊர்ல ஆவுடைத்தாயின்னு ஒருத்தி இருந்தாளாம். ஊர்ல எல்லா வீட்டு நெல்லையும் அவதான் குத்துவா. ஆனா ஒரு வீட்லயாவது உக்கார வச்சு அவளுக்கு ஒரு இலை போட்டிருப்பாங்களா? கூலியை வாசல்ல வச்சே அளந்து குடுத்து அனுப்பிருவாங்க. அவளுக்கு ஒரே ஒரு ஆசை. சந்தையில ஒரு மூலையில உக்காந்து கருப்பட்டிப் பணியாரம் விக்கணும், யாராவது வாங்கி அவ கண்ணு முன்னாலயே தின்னுட்டு, "யம்மா, நல்லாருக்கே, இன்னும் ரெண்டு குடு"ன்னு கேக்கணும். இது ஒரு பெரிய ஆசையா, நீங்களே சொல்லுங்க. அதுக்கே காதுல கிடந்த பாம்படத்தை வித்துத்தான் ஏழு குழிப் பணியாரச் சட்டி ஒண்ணு வாங்குனா.

மொத நாளு கோழி கூப்பிட எந்திரிச்சு, மாவைக் கரைச்சு, சுட்டு எடுத்து, ஓலைப்பெட்டியில அடுக்கி, வாழை இலையைப் போட்டு மூடிச் சந்தைக்கு வந்து உக்காந்தா. உக்காந்து மூச்சு வாங்கல, வந்து நின்னான் வீரபாகு. சந்தையிலேயே பெரிய சோத்துக்கடை அவனோடதுதான்.

"என்ன ஆவுடை, கடை போட்டுட்டியாக்கும்? நாந்தான் போணி."

"வாங்க அண்ணாச்சி. எத்தனை வேணும்?"

"பெட்டியோட குடு."

பெட்டியோடயான்னு அவளுக்குச் சந்தோசம் தாங்கல. அவன் என்ன செஞ்சான்? மடியை அவுத்து ஒரு பிடி குருணை அரிசியை அவ முந்தானையில போட்டான்.

"இதென்ன அண்ணாச்சி, ஒரு பெட்டிப் பணியாரத்துக்கு ஒரு பிடி குருணையா?"

"மொத போணியைத் திருப்பி அனுப்பப் போறியா? அனுப்பு பாப்போம். அப்புறம் உன் கடை வெளங்குமா?"

காலையில மொதல்ல வாங்க வர்றவனை வெறுங்கையா அனுப்புனா யாவாரமே படுத்துரும்னு பயம் அந்த ஊர்ல. போணிக்காரன் கொஞ்சம் குறைச்சுக் கேட்டா குடுத்துருவாங்க, அது முறை. இந்தப் பாவி மொத்தத்தையும்ல கேக்கான். பாம்படத்தை வித்துப் போட்ட கடையாச்சேன்னு அவ நடுங்கிப்போயி குடுத்துட்டா. அவன் அதைக் கொண்டுபோயி, "எங்க வீட்டுக் கைப்பக்குவம்"னு சொல்லிச் சொல்லி வித்தான். அவகிட்ட இன்னொரு பெட்டி சுட மாவு ஏது? சாயங்காலம் நெல்லு குத்துனாத்தான் மறுநாளைக்குக் கருப்பட்டி.

மறுநாளு இன்னும் வெள்ளனா வந்து பாத்தா. அவன் அதுக்கு முன்னாலயே வந்து நின்னான். அடுத்த நாளு கீழத்தெருவுல போயி உக்காந்தா, அங்கயும் வந்து நின்னான். அதுக்கு அடுத்த நாளு உப்பு விக்கிற கிழவிகிட்ட, "ஆத்தா, நீ வந்து ஒரு பணியாரம் போணி பண்ணேன்"னு கெஞ்சுனா. கிழவியும் வந்தா. வீரபாகு ஒரு முறை முறைச்சான், கிழவி உப்புக்கூடையத் தூக்கிட்டுப் போயிட்டா.

இப்படியே போச்சு ஒரு வருசம், இப்படியே போச்சு ரெண்டு வருசம், இப்படியே போச்சு மூணு வருசம். அவ பணியாரத்தை ஊரே தின்னுச்சு. ஒருத்தர் தின்னு அவ பாக்கல. அநியாயம் இல்லையா இது? எனக்கு இப்பச் சொல்லும்போதும் வயிறு எரியுது.

அந்தப் பணியாரத்து ருசி ராசா காது வரைக்கும் போயிருச்சு. நாளைக்கு ராசாவே வீரபாகு கடைக்கு வந்து திங்கப் போறாருன்னு தண்டோரா போட்டாங்க. ஆவுடை ஓடுனா அவன்கிட்ட.

"அண்ணாச்சி, எனக்கு விலை ஒண்ணும் வேண்டாம். ராசாகிட்ட ஆவுடை சுட்டதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்."

"போடி இவளே! நெல்லு குத்துற கை சுட்டதுன்னு சொன்னா ராசா திம்பாரா?"

அவ நேரா வீட்டுக்கு வந்தா. காய்ச்சலுக்குன்னு இடிச்சு வச்சிருந்த நிலவேம்புப் பொடியை எடுத்தா, மாவுல கொட்டிக் கலக்குனா. பெத்த பிள்ளைக்குத் தானே சூடு போடுற மாதிரி அழுதுக்கிட்டேதான் கலக்குனா. கருப்பட்டி நிறத்துல ஒண்ணும் தெரியல. காலையில வழக்கம்போல வீரபாகு வந்தான், இலையத் தூக்கிக்கூடப் பாக்கல, பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டான்.

ராசா வந்தாரு, உக்காந்தாரு, ஒரு பணியாரத்தைக் கடிச்சாரு. அவ்வளவுதான், த்தூ த்தூன்னு துப்பி, "யாருடா சுட்டது?"ன்னு கத்த, காவக்காரன் வாளை உருவ, வீரபாகு நெடுஞ்சாண்கிடையா விழுந்தான்.

"சாமி, நான் சுடல! ஆவுடைத்தாயி சுட்டது! மூணு வருசமா அவதான் சுடுதா! ஆவுடைத்தாயி, ஆவுடைத்தாயி!"

மூணு வருசமா அவன் வாயில வராத பேரு அன்னைக்கு எத்தனை தடவை வந்துச்சு பாருங்க.

ராசா அவளைக் கூப்பிட்டு விசாரிச்சாரு. அவ ஒண்ணையும் மறைக்கல. "நிலவேம்புதான் போட்டேன் சாமி. நான் சுட்டதுன்னு சொல்லவைக்க வேற வழி தெரியல"ன்னா. ராசா வீரபாகுவை அந்தப் பெட்டிப் பணியாரம் அத்தனையையும் நடுச்சந்தையில உக்காந்து திங்க வச்சாரு, சோத்துக்கடையையும் பிடுங்கிட்டாரு. அவளைப் பாத்து, "நீ போம்மா"ன்னு சொல்லிட்டுத் தேரேறிட்டாரு.

நியாயம் கிடைச்சிருச்சு, இனி நம்ம கடைதான்னு நினைச்சு, மறுநாளு நல்ல கருப்பட்டியா போட்டு சுட்டுக்கொண்டுவந்து உக்காந்தா ஆவுடை. பொழுது உச்சிக்கு வந்துச்சு, ஒருத்தர் வரல. "ராசா தட்டுலயே கலந்தவ, நம்ம தட்டுல என்னத்தைக் கலப்பாளோ"ன்னு பிள்ளைகளைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுச் சுத்திப் போறாங்க. உப்புக்காரக் கிழவியும் சுத்தித்தான் போனா. அடுத்த நாளும் அப்படி. அதுக்கு அடுத்த நாளும் அப்படியேதான்.

நாலாம் நாளு ஒருத்தன் வந்து நின்னான். யாருங்கிறீங்க? வீரபாகு. கன்னம் ஒட்டிப்போயி, வேட்டி கிழிஞ்சு, கையில காசை வச்சுக்கிட்டு நிக்கான்.

"ஆவுடை, உன் பணியாரத்து ருசியை ஊரே மறந்தாலும் எனக்கு மறக்காது. முழு விலை தாரேன், ரெண்டு குடு. போணியாவும் இருக்கும் உனக்கு."

அவ பெட்டியை இழுத்து மடிப்பக்கம் வச்சுக்கிட்டா. "இல்ல அண்ணாச்சி. போங்க."

அவன் போயிட்டான். போணியைத் திருப்பி அனுப்பிட்டோமேன்னு அவ பயந்து பயந்து சுத்திப் பாத்தா. சட்டி விரிசல் விடல, வானம் இடிஞ்சு விழல. வெயில் அது பாட்டுக்கு அடிச்சுது, காக்கா அது பாட்டுக்குக் கத்துச்சு. இவ்வளவுதானா, இதை அந்த மொத நாளே சொல்லியிருக்கலாமேன்னு அப்பத்தான் அவளுக்குத் தோணுச்சு. சந்தையில நாலு பேரு பாக்க, தலையில அடிச்சு அடிச்சு அழுதா. அப்புறம் எந்திரிச்சு, பழையபடி நெல்லு குத்தப் போயிட்டா.

திருடுனவன் தெருவுல நின்னான், சுட்டவ உலக்கையப் பிடிச்சா, என் கதையும் அதோட ஆறிப்போச்சு. முறைன்னு சொல்லி எவனாவது உங்க பெட்டியத் தூக்க வந்தா, மொத நாளே மாட்டேன்னு சொல்லிருங்க பிள்ளைகளா.