கை படாமல் ஓடிய மெஷின்

பொள்ளாச்சி பொன்னுரங்கம் தேங்காய் நாரைக் கயிறாகத் திரிக்கும் மெஷின் செய்கிறவர். ஆள் தங்கம். கைதான் சும்மா இருக்காது. பட்டறையில் யாராவது ஸ்பேனரைக் கொஞ்சம் தடுமாறிப் பிடித்தால் போதும், வெடுக்கென்று பிடுங்கித் தானே முடுக்கிவிடுவார்.

கடல் தாண்டி ஒரு தீவு தேசத்துக் கம்பெனி அவருடைய மெஷினைக் கேட்டது. மாதிரிக்கு ஒரு மெஷினும் கப்பலேறிப் போய்ச் சேர்ந்துவிட்டது. நேரில் வந்து பாகங்களைப் பூட்டி ஓட விட்டால்தான் ஆர்டர் என்றார்கள். அது கிடைக்காவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

வெளிநாடு போகிறவர்களுக்குப் பேச்சும் சட்டதிட்டமும் சொல்லித்தருகிற நசீமா டீச்சரிடம் போய்ச் சேர்ந்தார். டீச்சருக்கு அவர் மகள் வயதுதான். கிடைத்ததோ குறுகிய கால பிசினஸ் விசா. பேசலாம், பேரம் முடிக்கலாம், விளக்கிச் சொல்லலாம். கையால் வேலை செய்யக் கூடாது.

மனுஷனுக்கு முகம் செத்துப்போயிற்று. கதவைச் சாத்திக்கொண்டு முடுக்கினால் எவன் பார்க்கப் போகிறான் என்று நைசாகக் கேட்டுப் பார்த்தார். டீச்சர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"கையைக் கட்டிக்கிட்டு நின்னா மெஷின் எப்படிங்க டீச்சர் ஓடும்?"

மறுநாள் டீச்சர் பட்டறைக்கே வந்தார். விளிம்பு வரை டீ ஊற்றிய டம்ளர்களைக் கைக்கு ஒன்றாக அவரிடம் கொடுத்தார். கூட்டிப் பெருக்கும் மயிலாத்தாளைக் கூப்பிட்டு, பிரித்துக் கிடந்த ஒரு மெஷினைப் பூட்டச் சொன்னார்.

"டீ சிந்தக் கூடாதுங்ணா."

முதலில் பாதி டீ சட்டையில்தான். கத்தினார், குதித்தார். மயிலாத்தாள் திருதிருவென்று விழித்தாள். கத்தி ஓய்ந்த பிறகுதான் அவருக்கு வார்த்தை வந்தது. "இடது பக்கம் குனிஞ்சு பாரு அம்மிணி. ஓட்டை தெரியுதா? அதுல விடு." பொழுது சாய்வதற்குள் மெஷின் ஓடியது. டீச்சர் மறுபடி ஊற்றிக் கொடுத்த டீ சிந்தாமல் ஏடு படிந்திருந்தது.

தீவுக்குப் போனார். வேலை நடக்கும்போது விசா அதிகாரி ஒருவர் வந்து வாசலோடு நின்றுகொண்டார். அந்த ஊர்த் தொழிலாளி ஒருவன் போல்ட்டைக் கோணலாக ஏற்றினான். பொன்னுரங்கத்துக்குக் கை பரபரத்தது. ஒரு கையை மறு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, டீச்சரிடம் கற்ற அரைகுறை இங்கிலீஷில் பொறுமையாகச் சொன்னார். அவன் கழற்றித் திரும்ப ஏற்றினான்.

மெஷின் உறுமியது. பொன் நிறத்தில் கயிறு வந்துகொண்டே இருந்தது. தொழிலாளிகள் விசிலடித்து அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அந்த அதிகாரியும் கை தட்டினாராம், கேளுங்கள்!

அங்கிருந்தே போன் போட்டார்.

"ஜெயிச்சுட்டமுங்க டீச்சர். இன்னும் மெஷின் வேணுமாமுங்க. ஆனா பூட்டறதுக்கு நான் வர வேண்டாமாமுங்க, அவங்களே பூட்டிக்குவாங்களாம். அப்புறம் எனக்கு என்னங்க வேலை?"

"அடுத்த நாடு எதுன்னு பாருங்க. வியாபாரின்னு நம்பித்தானுங்க அவங்க விசா குடுத்தாங்க. இன்னிக்குத்தானுங்ணா நீங்க வியாபாரி ஆயிருக்கீங்க."