மேட்டை அடைத்த ஆளுநர்

பேராற்றின் நடுவே ஒரு தீவு இருந்தது. முயல்களும் கீரிகளும் உடும்புகளும் ஆமைகளும் அங்கே வாழ்ந்துவந்தன. அக்கரைக் காட்டை ஆண்ட சிங்கராஜாவுக்குத்தான் தீவும் சொந்தம். ஆனால் ராஜாவின் சபையில் தீவு விலங்குகளுக்கு இடம் கிடையாது. அக்கரையிலிருந்து ஓர் ஆளுநர் வருவார். அவர் சொன்னதே சட்டம்.

கடைசியாக வந்த கரடி, தேனடைகளைத் தவிர வேறு எதையும் கவனிக்கவில்லை. அது போனதும் தீவு விலங்குகள் ஒன்றுகூடி, "இந்த முறை எங்களில் ஒருவரையே ஆளுநராகப் போடுங்கள்" என்று ராஜாவிடம் கேட்டன. ராஜாவும் சம்மதித்தது. தீவிலேயே பிறந்து வளர்ந்த கவைக்கொம்பன் என்ற கலைமான் ஆளுநர் ஆனது.

தொடக்கத்தில் கவைக்கொம்பன் நன்றாகவே ஆண்டது. தூர்ந்து கிடந்த குளத்தைச் சுத்தம் செய்தது. கீரிகளுக்கும் உடும்புகளுக்கும் இருந்த வளைச் சண்டையைப் பேசித் தீர்த்தது. காலையில் தீவைச் சுற்றி வரும்போது ஒவ்வொரு வளை வாசலிலும் நின்று நலம் விசாரிக்கும்.

"அண்ணா, உள்ளே பாருங்கள், புது வளை!" என்று பஞ்சி என்ற முயல் கூப்பிடும். கவைக்கொம்பன் முன்னங்கால்களை மடக்கி, தலையைத் தாழ்த்தி, இருட்டுக்குள் எட்டிப் பார்க்கும். "அருமையாக இருக்கிறதே!" என்று பாராட்டிவிட்டுத்தான் நகரும்.

ஒரு நாள் சிங்கராஜாவின் மந்திரியான நரி வந்தது. தீவைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கவைக்கொம்பனைத் தனியாக அழைத்தது.

"உம்மைப் போன்றவர் இந்தச் சின்னத் தீவிலேயே கிடக்கலாமா? சபையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. மழைக்காலத்தில் ராஜா இங்கே வந்து தங்கப்போகிறார். அவர் மனம் குளிர்ந்தால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அன்றிலிருந்து கவைக்கொம்பனின் நினைப்பெல்லாம் சபையிலேயே இருந்தது. ராஜாவை எங்கே தங்கவைப்பது என்று யோசித்தது. தீவின் வடக்கே ஒரு மேடு உண்டு. வெள்ளம் வரும் காலத்தில் எல்லா விலங்குகளும் அதில்தான் ஏறி உயிர்தப்பும். ராஜா படுப்பதற்குப் புல் செழித்து வளரட்டும் என்று, கவைக்கொம்பன் அந்த மேட்டைச் சுற்றி முள்வேலி போட்டு அடைத்துவிட்டது.

மழை வந்தது. ராஜா வருவதற்கு முதல் நாள், துழாவி என்ற நீர்நாய் ஆற்றில் வேகமாக நீந்திவந்து கரையேறியது.

"ஆளுநரே, மேலே மலையில் விடாமல் கொட்டுகிறது. தண்ணீரில் செம்மண் கரைந்து வருகிறது. வளைகளில் இருப்பவர்களை இன்றே மேட்டில் ஏற்றிவிடுங்கள்."

"நாளைக்கு ராஜா வருகிறாரே" என்றது கவைக்கொம்பன்.

"வரட்டுமே. மேட்டில் எல்லோருக்கும் இடம் இருக்கிறது."

"ராஜா படுக்கும் இடத்தில் முயல் புழுக்கையும் உடும்பு நாற்றமுமா?"

சொன்ன மாத்திரத்தில் கவைக்கொம்பனுக்கே வாய் கசந்தது. துழாவியின் முகத்தைப் பார்க்கக் கூசி, கவைக்கொம்பன் வேறுபக்கம் திரும்பிக்கொண்டது. "ராஜா கிளம்பட்டும். பிறகு ஏற்றலாம்" என்று மெதுவாகச் சொன்னது.

சாயங்காலம் பஞ்சி ஓடிவந்தது. "அண்ணா, துழாவி சொல்வது நிஜமா? குட்டிகள் இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. அவற்றைக் கவ்விக்கொண்டு வேறு எங்காவது போகட்டுமா?"

"ஒன்றும் ஆகாது, பஞ்சி. வளையிலேயே இரு. நான் இருக்கிறேன் அல்லவா?"

பஞ்சி நிம்மதியாகத் திரும்பிப் போனது.

மறுநாள் யானை மீது அமர்ந்து சிங்கராஜா வந்தது. விருந்து நடந்தது. மேட்டுப் புல் மெத்தை மாதிரி இருக்கிறது என்று ராஜா புகழ்ந்தது. ஆனால் அதற்கடுத்த நாள் விடியும்போதே ஆறு கரையைத் தாண்டிவிட்டது. பள்ளத்தில் இருந்த வளைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. எங்கு பார்த்தாலும் அலறல்.

ராஜா யானை மீது ஏறியது. நரியும் பின்னால் தொற்றிக்கொண்டு, "வருகிறீரா, இல்லையா? ராஜாவோடு வருபவருக்குத்தான் சபையில் இடம்" என்றது.

கவைக்கொம்பன் ஒரு கணம் தயங்கியது. 'அக்கரைக்குப் போய் உதவி கொண்டுவரலாம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. பிறகு யானையின் பின்னால் ஆற்றில் இறங்கி நீந்தியது. பாதி ஆற்றில் திரும்பிப் பார்த்தது. துழாவி மட்டும் தன் பற்களால் முள்வேலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அதன் வாயெல்லாம் ரத்தம். கவைக்கொம்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் வேகமாக நீந்தியது.

அக்கரையில் சபை கூடியது. "தீவில் சேதம் ஏதாவது உண்டா? சொல், யானைகளை அனுப்புகிறேன்" என்று ராஜா கேட்டது.

நரி கவைக்கொம்பனை முறைத்தது. மேட்டை அடைத்த கதை வெளியே வந்தால் இருவர் பாடும் திண்டாட்டம்தான்.

"கொஞ்சம் சேறுதான், ராஜா. உயிர்ச்சேதம் இல்லை" என்றது கவைக்கொம்பன்.

உயிர்ச்சேதம் உண்டா இல்லையா என்று அதற்கு உண்மையிலேயே தெரியாது. தெரியாத ஒன்றைத்தான் அவ்வளவு உறுதியாகச் சொன்னது. ராஜா தலையசைத்தது. யானைகள் போகவில்லை. கவைக்கொம்பனுக்குச் சபையில் இடம் கிடைத்தது.

வெள்ளம் வடிந்த பிறகு, ஒரு நாரை வந்து கவைக்கொம்பனிடம் சேதி சொன்னது. பஞ்சியின் குட்டிகள் வளைக்குள்ளேயே மூழ்கிவிட்டன. ஒரு கிழட்டு உடும்பை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆமைகளின் முட்டைகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. துழாவி பிய்த்த வேலி வழியாக மேட்டில் ஏறியவை மட்டும் பிழைத்தன. உதவி கேட்டு வந்த துழாவியைக் கரையிலேயே நரியின் காவலர்கள் தடுத்து, "சேதம் இல்லை என்று உங்கள் ஆளுநரே சொல்லிவிட்டார்" என்று விரட்டிவிட்டார்கள்.

கவைக்கொம்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றது. அப்போதாவது ராஜாவிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதன் பிறகு ஆற்றுப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டது. ஆற்றங்கரையில் நின்றால் தீவு கண்ணில் படும் என்பதால், தாகம் எடுத்தால் காட்டைச் சுற்றிக்கொண்டு தொலைதூரச் சுனைக்குப் போய்க் குடித்துவிட்டு வரும். "ஏன் இவ்வளவு தூரம் போகிறீர்?" என்று யாராவது கேட்டால், "அந்தத் தண்ணீர் ருசியாக இருக்கும்" என்று சொல்லிவிடும்.

வருடங்கள் ஓடின. கிழட்டுச் சிங்கம் இறந்து, அதன் மகன் பட்டத்துக்கு வந்தது. புது ராஜா, நரியையும் அதன் ஆட்களையும் சபையிலிருந்து துரத்தியது. கவைக்கொம்பனும் வெளியே வந்து நின்றது. ஏனென்று கேட்க ஆளில்லை.

புது ராஜா இன்னொன்றும் அறிவித்தது. தீவு விலங்குகள் இனித் தங்கள் ஆளுநரைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். போட்டியிடுபவர்கள் குளக்கரையில் நிற்க வேண்டும். யாருக்குப் பின்னால் கூட்டம் அதிகமோ அவரே ஆளுநர்.

'இத்தனை வருடத்தில் எல்லாம் மறந்திருக்கும். குளத்தைச் சுத்தம் செய்ததையாவது நினைத்துப் பார்ப்பார்கள்' என்று எண்ணிக்கொண்டு கவைக்கொம்பன் ஆற்றை நீந்திக் கடந்தது. எதிர்த்து நின்றது துழாவி.

தேர்தலுக்கு முதல் நாள், கவைக்கொம்பன் வளைவளையாக ஆதரவு கேட்டுப் போனது. பலர் வளையைவிட்டு வெளியே வரவே இல்லை. பஞ்சி மட்டும் வெளியே வந்தது. அதன் காதோர மயிர் நரைத்திருந்தது.

"வாருங்கள், ஐயா" என்றது.

அந்த 'ஐயா' கவைக்கொம்பனைச் சுருக்கென்று குத்தியது. பஞ்சி கொஞ்சம் இளம்புல்லைக் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்தது.

"பஞ்சி, அந்த வெள்ளத்தில் நடந்தது..." என்று கவைக்கொம்பன் இழுத்தது.

"அதைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். உயிர்ச்சேதம் இல்லை என்று சபையில் யாரோ சொன்னார்களாம். அதனால்தான் யானைகள் வரவில்லையாம். நீங்கள்தான் சொன்னீர்கள் என்கிறாள் துழாவி. நான் நம்பவில்லை. 'பயத்தில் ஓடியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வளையையும் குனிந்து பார்த்தவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்' என்று அவளோடு சண்டை போட்டேன். இன்றுவரை அவளோடு சரியாகப் பேசுவதில்லை. சொல்லுங்கள், அது யார்?"

'நரி' என்ற சொல் கவைக்கொம்பனின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நரிதான் காட்டைவிட்டே ஓடிவிட்டதே, அதன் மேல் பழியைப் போட்டால் மறுக்க யார் வரப்போகிறார்கள்? பஞ்சி கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றது. கவைக்கொம்பனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"நான்தான்" என்றது.

பஞ்சி திட்டவில்லை. அழவும் இல்லை. "அப்படியா" என்றது. பிறகு திரும்பி வளைக்குள் போய்விட்டது. புல்லில் வாய்வைக்காமல் கவைக்கொம்பன் அங்கிருந்து நடந்தது.

மறுநாள் குளக்கரையின் ஒரு பக்கம் துழாவி நின்றது. எதிர்ப்பக்கம் கவைக்கொம்பன் நின்றது. விலங்குகள் ஒவ்வொன்றாக வந்து துழாவியின் பின்னால் நின்றன. வெள்ளத்துக்குப் பிறகு பிறந்தவைகூட அந்தப் பக்கமே போயின. கடைசியாகப் பஞ்சி வந்தது. துழாவியின் பக்கத்தில் போய், தலையைக் குனிந்தபடி ஏதோ சொன்னது. துழாவி அதன் முதுகைத் தடவிக்கொடுத்தது.

கவைக்கொம்பன் பின்னால் திரும்பிப் பார்த்தது. அங்கே ஒருவரும் இல்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அது மெல்ல நடந்து மறுபக்கம் போனது. துழாவியின் பின்னால் நின்ற வரிசையின் கடைசியில் போய் நின்றது.

தீவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு முள்ளம்பன்றி, "யார் இவர்?" என்று பஞ்சியிடம் மெதுவாகக் கேட்டது.

"முன்னால் இங்கே ஆளுநராக இருந்தவர்" என்றது பஞ்சி. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அது கவைக்கொம்பனின் காதில் விழுந்தது. தன்னைப் பற்றி நடந்ததையெல்லாம் உரக்கச் சொல்லித் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாமே என்று அதற்குத் தோன்றியது.

பதவிக்காகத் தன்னை நம்பியவர்களைக் கைவிடுகிறவன், அந்தப் பதவி போன பிறகும் அந்த வெட்கத்தைச் சுமந்துகொண்டுதான் நடக்க வேண்டும்.