வெள்ளைத் துணி கட்டாத வாசல்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு, தன் ஊர் வைத்தியர்களில் யார் கெட்டிக்காரர் என்று அளந்து பார்க்க ஆசை வந்தது. ராஜாவுக்கு ஆசை வந்தால் சும்மா விடுமா? நோயாளி இறந்தால் வைத்தியர் தன் வாசலில் ஒரு வெள்ளைத் துணி கட்டுவது அவ்வூர் வழக்கம். "பொங்கலன்று துணிகளைப் பார்ப்போம். குறைவாக உள்ளவர் அரண்மனை வைத்தியர். அதிகம் உள்ளவர் நாட்டை விட்டே போக வேண்டும்" என்று பறை அறைவித்தார். இந்த யோசனையை ராஜாவின் காதில் ஓதியவர் இலிங்கநாதர் என்ற பெரிய வைத்தியர்.

இலிங்கநாதர் லேசுப்பட்டவரா? தலைவலி, பல்வலி என்றால் உள்ளே அழைப்பார். மூச்சு இழுக்கிறது என்றால், "பேச்சிமுத்துகிட்டப் போங்க" என்று வாசலோடு விரட்டுவார். பேச்சிமுத்து வைத்தியருக்கு யாரையும் திருப்பி அனுப்பத் தெரியாது. பலர் பிழைத்தார்கள், சிலர் போய்ச் சேர்ந்தார்கள். அவர் வாசல் முழுக்க வெள்ளைத் துணி.

அரண்மனை விகடகவி செங்கோடனுக்கு இது பொறுக்கவில்லை. ஜன்னி கண்ட அவன் மகளை மீட்டவர் பேச்சிமுத்துதான்.

பொங்கலும் வந்தது. இலிங்கநாதர் வாசலில் ஒரே ஒரு துணி. பேச்சிமுத்து மூட்டையோடு சபையில் நின்றார். வழியனுப்ப ஊரே திரண்டிருந்தது.

"செங்கோடா, எவர் வாசலில் துணி மிகக் குறைவோ அவரை அழைத்து வா" என்றார் ராஜா.

செங்கோடன் போய், எண்ணெய் வழிய நின்ற செக்காட்டும் மாடசாமியை இழுத்து வந்தான். "அரசே, இவர் வாசலில் ஒரு துணிகூட இல்லை. இவரே தங்கள் அரண்மனை வைத்தியர்!"

இலிங்கநாதர் குதித்தார். "நோயாளியைத் தொடாதவன் வாசல் சுத்தமாகத்தானே இருக்கும், அரசே!"

"நான் சொல்ல நினைத்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள், வைத்தியரே" என்ற செங்கோடன் கூட்டத்தைப் பார்த்தான். "இலிங்கநாதர் வாசலோட திருப்பி அனுப்பி, பேச்சிமுத்து கையால பிழைச்சவங்கல்லாம் கையைத் தூக்குங்க!"

சேனாதிபதி கை தூக்கினார். கூட்டத்தில் பாதிப் பேர் தூக்கினார்கள். பெண்கள் பக்கம் இலிங்கநாதரின் மனைவி வடிவாம்பாளும் தூக்கினாள்.

"நீ ஏன்டி தூக்குற?" என்று பதறினார் இலிங்கநாதர்.

"நல்லா இருக்கே! எனக்குக் காமாலை முத்துனப்ப, நம்ம வாசல்ல துணி ஏறிடும்னு நீங்கதானே அவர்கிட்ட அனுப்புனீங்க!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேச்சிமுத்துவை அரண்மனை வைத்தியராக்கி, தன் முத்துமாலையைச் செங்கோடன் கழுத்தில் போட்டார். "இனி, திருப்பி அனுப்பப்பட்டவர் இறந்தால், அனுப்பியவர் வாசலில்தான் துணி" என்று ஆணையிட்டார்.

அன்று சாயங்காலம் இலிங்கநாதர் வாசலில், மூச்சு இழுக்கிற ஒரு கிழவரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வைத்தியர் கதவை அகலத் திறந்து உள்ளே தூக்கிப் போகச் சொன்னார்.