அணில் விட்ட குடுக்கை ராக்கெட்

வெகு காலத்துக்கு முன்பு, ராக்கெட் என்றால் சுரைக்குடுக்கைதான் என்றிருந்த நாளில், ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு இனிக்கிறது, குழந்தைகளே.

குடுக்கையில் தண்ணீர் விட்டு, வாயைத் தக்கையால் அடைத்து, துருத்தியால் காற்று ஏற்ற வேண்டும். தக்கையைப் பிடுங்கினால் தண்ணீர் கீழே பீய்ச்சியடிக்கும், குடுக்கை மேலே பறக்கும். இதெல்லாம் புத்தகத்தில் இருந்தது. புத்தகம் நனைந்துவிடும் என்று கரடி வாத்தியார் யாரையும் செய்து பார்க்க விட்டதில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஏவுதளத்திலிருந்து ஒருநாள் யானையார் சொல்லி அனுப்பினார். குடுக்கையைப் பறக்கவிடும் ஒரே ஒரு மாணவரைத் தம்மோடு சேர்த்துக்கொள்வாராம்.

அணிலுக்கு அன்று முதல் வேறு நினைப்பே இல்லை. பள்ளி விட்டதும் குடுக்கையோடு ஓடைக்கு ஓடிவிடும். ஆனால் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று வாத்தியார் வைத்த பரீட்சையில், "தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு" என்று எழுதிவைத்தது. புத்தகத்தில் "நீர் நிரப்புக" என்றல்லவா இருந்தது? வாத்தியார் பெரிய முட்டையாகப் போட்டுவிட்டு, பாடத்தைத் தலைகீழாக ஒப்பிக்கும் கிளியைத் தேர்ந்தெடுத்தார். அணில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து அழுதது.

யானையார் வந்தார். கிளி கணீரென்று ஒப்பித்துவிட்டு, குடுக்கையில் ததும்பத் ததும்பத் தண்ணீரை நிரப்பியது. வாத்தியார் மூச்சு வாங்கத் துருத்தியை அமுக்கினார். தக்கையைப் பிடுங்கியதும் தண்ணீர் தரையில் கொட்டியது. குடுக்கை இருந்த இடத்திலேயே இருந்தது.

"நிரப்புக என்றுதானே இருந்தது," என்றது கிளி.

ஏன் கிளம்பவில்லை என்று யானையார் கேட்டார். எல்லோரும் புத்தகத்தைப் புரட்டினார்கள்.

"காத்துக்கு இடமே இல்லீங்க ஐயா," என்றது அணில்.

அது முன்னால் வந்து மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மட்டும் விட்டு, காற்றை ஏற்றித் தக்கையைப் பிடுங்கியது. குடுக்கை இலவமர உச்சியைத் தாண்டிப் போனது. யானையார் உட்பட அத்தனை பேரும் தொப்பலாக நனைந்தார்கள்.

"உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார் யானையார்.

"யாருமில்லீங்க ஐயா. பதினோரு குடுக்கை கிளம்பலை. ஒவ்வொண்ணும் ஏன் கிளம்பலைன்னு பார்த்தேன்."

யானையார் அணிலை முதுகில் ஏற்றிக்கொண்டு மலைப் பக்கம் நடந்தார்.

மறுநாள் வகுப்பில் ஒருவரும் இல்லை. வாத்தியார் கோபமாகத் தேடிப் போனால், எல்லோரும் ஓடைக்கரையில் குடுக்கையோடு நிற்கிறார்கள். கிளி தண்ணீரைக் கொட்டுவதும் ஊற்றுவதுமாக இருந்தது.

"எவ்வளவு விட்டா இன்னும் மேலே போகும்னு பார்க்கிறோம் ஐயா," என்றது.

வாத்தியார் புத்தகத்தைக் கரையில் வைத்துவிட்டு, துருத்தியைக் கையில் எடுத்தார்.

நீதி: செய்து பார்த்துத் தவறியவருக்குத் தெரிவது, ஒப்பித்து மட்டுமே தேறியவருக்குத் தெரியாது.