முதல் இரண்டு பக்கங்கள்

ரஷ்யர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒஸ்லோவில் யாருக்காவது தெரியவேண்டுமென்றால் சிவகடாட்சத்தைக் கேட்பார்கள். சிவகடாட்சத்துக்குத் தெரியவேண்டுமென்றால் அவர் தவமணி ரீச்சரைக் கேட்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக அவர் கேட்கவில்லை.

அன்று காலை விமானம் ஏறி, வடக்கே ரஷ்ய எல்லையோரம் இருக்கும் அந்தத் துறைமுக ஊருக்கு வந்து, ரீச்சருடைய வீட்டுக் கதவைத் தட்டினார்.

தவமணி அவரைவிட இரண்டு வயது இளையவர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவரல்ல. கல்யாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாள்முதல் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ரஷ்யக் கப்பல்கள் அங்கே மீன் இறக்கும். கப்பல்காரரோடு பேசிப் பேசி மொழியைப் பிடித்தார். அவர்கள் விட்டுப்போன பத்திரிகைகளை எழுத்துக்கூட்டிப் படித்தார். கடைசியில் இரு நாட்டு எல்லை அதிகாரிகள் சந்திக்கும் கூட்டங்களுக்கே அவரைத்தான் மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள்.

முப்பது வருடத்துக்கு முன், பக்கத்து மேசையில் நின்று மீன் வெட்டிய சிவகடாட்சத்துக்கு ரஷ்ய எழுத்தைச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அன்றிலிருந்து ரீச்சர். அகதியாக வந்த ஆள் ஆய்வாளராகி, பேரும் புகழுமாய் நிற்பது அந்த மேசையின் புண்ணியம். அதை அவர் மறக்கவில்லை. வருவதற்குத்தான் நேரம் கிடைக்கவில்லை.

"வாரும் கடாட்சம். மெலிஞ்சு போனீர்," என்றார் தவமணி. பால் விடாத தேநீரும் ஒரு கிண்ணத்தில் பழ ஜாமும் வந்தன. ரஷ்யப் பழக்கம். ஒரு வாய் ஜாம், ஒரு வாய் தேநீர்.

அவர் இரண்டையும் தொடவில்லை.

"ஒரு கிழமையாய் எல்லை ஆத்துக்கு அங்காலை ரஷ்ய ஆமி லொறியள் வந்து நிக்குது, ரீச்சர். கூடாரம் அடிச்சிருக்கினம். நாளைக்குப் பத்து மணிக்கு அரசாங்கக் குழு கூடுது. அது என்ன எண்டு நான்தான் சொல்லவேணும்."

"என்ன சொல்லப் போறீர்?"

"ரஷ்யர் எங்களைச் சாய்க்கத் தொடங்கிற முதலாம் படி எண்டு."

"சொன்னால்?"

"இக்கரைக் காவற்கோபுரத்துக்குப் பீரங்கி அனுப்புவினம்." சிவகடாட்சம் குரலைத் தாழ்த்தினார். "சாம்பவி அந்தக் கோபுரத்திலைதான் நிக்கிறாள்."

சாம்பவி அவருடைய ஒரே மகள். பத்தொன்பது வயது. கட்டாய ராணுவ சேவைக்குப் போய் நான்கு மாதம்.

"வெறும் பைனாகுலரோடை நிக்கிறாள், ரீச்சர். பக்கத்திலை ஒரு பீரங்கி நிண்டால் எனக்கு நித்திரை வரும்."

"அப்ப சொல்ல வேண்டியதுதானே. என்னத்துக்கு இவ்வளவு தூரம் வந்தனீர்?"

இப்படிப்பட்ட குழுக்களுக்கு சிவகடாட்சம் எத்தனையோ தடவை விளக்கம் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார். அப்போதெல்லாம் அந்த ஆற்றங்கரையில் நின்றது ஊரார் வீட்டுப் பிள்ளைகள். இந்தமுறை அறிக்கையின் முதல் வரியையே மூன்று தடவை அடித்து எழுதினார். பயத்தில் என்பதுதான் உண்மை.

கடைசியில் கேட்டுவிட்டார். "ரீச்சர், ரஷ்யர்கள் எப்பிடித்தான் யோசிக்கிறவை?"

"உங்கட நிபுணர்மார் என்ன சொல்லினம்?"

"ஒருத்தர் சொல்லுறார், காவலுக்கு மலையில்லாத சமவெளி, அதாலை எந்த நேரமும் பயம் எண்டு. இன்னொருத்தர், அது சதுரங்கம் ஆடுற மூளை எண்டுறார். இன்னொருத்தர், ஏமாத்துறது அவையின்ரை ரத்தத்திலை ஊறினது எண்டுறார்."

"இவையிலை எத்தனை பேருக்கு அந்தப் பாஷை தெரியும்?"

"ஒராளுக்கு."

"மற்றவை?"

"அவரை மேற்கோள் காட்டினவை."

தவமணி சிரிக்கவில்லை. "உமக்குப் பாஷை தெரியுமே. நீர் என்ன சொன்னனீர்?"

அவர் பையைத் திறந்து தம்முடைய கட்டுரையை எடுத்து வைத்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் எழுதியது. ஒரு ரஷ்யத் தளபதி ஆற்றிய உரையை எடுத்து, சண்டை என்று சொல்லாமலே ஒரு நாட்டைச் சாய்ப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் ஏழு படிகள் இவை என்று காட்டியிருந்தார். அதற்கு 'ஏழு படிக் கோட்பாடு' என்று பெயரிட்டதும் அவர்தான். மேற்கில் அந்தப் பெயரைச் சொல்லாத ஆய்வாளர் இல்லை. அவருடைய வீடு, பதவி, கோட்டு எல்லாம் அந்தப் பெயரில் வந்தவை.

தவமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார்.

"தலை எங்கை?"

சிவகடாட்சத்துக்குச் சுருக்கென்றது. தொழிற்சாலையில் தலை வெட்டி வந்த மீனைத் தவமணி தம் மேசையில் ஏற்றமாட்டார். செவுளைப் பார்க்காமல் பழசா புதுசா என்று எந்தக் கொம்பன் சொல்லுவான் என்று மேற்பார்வையாளரோடு சண்டைக்கே போவார்.

"உரை மூண்டாம் பக்கத்திலை இருந்துதான் தொடங்குது," என்றார் தவமணி. "முதல் ரெண்டு பக்கமும் எங்கை?"

"ஆங்கில மொழிபெயர்ப்பிலை அது இல்லை, ரீச்சர். தொடக்கச் சம்பிரதாயம், விடப்பட்டது எண்டு ஒரு குறிப்பு இருந்தது."

"நான் உமக்கு ஆங்கிலமோ படிப்பிச்சனான்?"

சிவகடாட்சம் தலையைக் குனிந்துகொண்டார். வேறு யாராவது முந்திவிடுவார்களோ என்ற அவசரம். மூலத்தைத் தேடி எடுக்க ஒரு மாதமாகும். மொழிபெயர்ப்பு மேசையிலேயே கிடந்தது. அவ்வளவுதான் நடந்தது. நடந்ததை அவர் அப்படியே சொன்னார்.

தவமணி உள்ளே போய் ஒரு பழைய சஞ்சிகையோடு வந்தார். தாள் பழுப்பேறியிருந்தது.

"வாசியும். சத்தமாய்."

வாசித்தார். முதல் வரியிலேயே நாக்கு இடறியது. பிறகு சரளமாயிற்று. அந்தத் தளபதி தம் அதிகாரிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: ஒவ்வொரு நாடாக அரசுகள் கவிழ்கின்றன. ஒரு குண்டும் வெடிப்பதில்லை. இது மேற்கு கண்டுபிடித்த புதுப் போர். நாளை நம் வாசலுக்கும் வரும். அது எப்படி வரும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன், கேளுங்கள். நம்மிடம் இதற்கு மருந்து இல்லை.

பக்கத்தைத் திருப்பினார். அங்கே அந்த ஏழு படிகளும் இருந்தன.

அவர் முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடி வாசித்தார்.

"இது..." என்றார் சிவகடாட்சம். "இது தந்திரமாயும் இருக்கலாம், ரீச்சர். தங்கட திட்டத்தை எதிரியின்ரை தலையிலை போட்டுச் சொல்லுறது அவையின்ரை வழக்கம் எண்டு எழுதியிருக்கினம்."

"இருக்கலாம்," என்றார் தவமணி. "அப்ப இதையும் வாசியும்."

இது போன வருடத்துச் சஞ்சிகை. நடுப்பக்கத்தில் ஒரு பத்தியைப் பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தார். சிவகடாட்சம் வாசிக்கத் தொடங்கி, மூன்றாவது வரியில் நின்றுபோனார். ரஷ்ய எழுத்தில், கொஞ்சம் நொண்டிக்கொண்டு, அவருடைய பெயர் இருந்தது.

நோர்வே நிபுணர் சிவகடாட்சம் ரஷ்யாவைச் சாய்ப்பதற்கான ஏழு படிகளை வெளிப்படையாகவே வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார், மேற்கின் நோக்கத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று அங்கே ஒரு கர்னல் கேட்டிருந்தார். எல்லையில் ஆட்களைக் கூட்ட வேண்டும் என்று முடித்திருந்தார்.

சிவகடாட்சம் எழுந்தே விட்டார். "பச்சைப் பொய்! இது என்ரை திட்டமோ? அவை செய்யப்போறதைப் பற்றியெல்லோ நான் எழுதினனான்! முன்னுக்குத் தெளிவாய்ச் சொல்லியிருக்கிறன். முழுதாய் வாசிக்காமல் எப்பிடி இவன் இப்பிடி எழுதலாம்?"

தவமணி அவருடைய ஆறிப்போன தேநீரைக் கொட்டிவிட்டுப் புதுசு வார்த்தார்.

"அந்தத் தளபதியும் உப்பிடித்தான் கத்தியிருப்பார்," என்றார்.

சிவகடாட்சம் மெல்ல உட்கார்ந்தார். உடம்பு முழுக்க வெட்கம் பரவியது. வெட்கத்துக்குப் பின்னாலேயே பழைய பயமும் வந்தது.

"அப்ப அந்த லொறியள்? அவை வரமாட்டினமோ?"

"எனக்குத் தெரியாது. பயந்தவன் அடிக்கமாட்டான் எண்டு நான் சொல்லேல்லை."

"நாளைக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

"உமக்கு என்ன தெரியும்?"

சஞ்சிகையைத் தொட்டுக்காட்டி, "முதல் ரெண்டு பக்கம்," என்றார் அவர். "இதை நான் கொண்டுபோகலாமோ, ரீச்சர்?"

தவமணி இரண்டு சஞ்சிகைகளையும் ஒரு பழைய துணிப்பையில் போட்டுக் கொடுத்தார்.

வாசலில் சப்பாத்துப் போடக் குனிந்தவர் நிமிர்ந்தார். மனம் இன்னும் கேட்கவில்லை. பெற்ற மனம். கோட்டுப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார்.

"எல்லாம் சரி, ரீச்சர். ஆனால் இதைக் கேளுங்கோ. முந்தநாள் சாம்பவி எழுதினது." மகளின் செய்தியை அவர் தமிழில் சொன்னார். "அப்பா, இண்டைக்கு எதிர்க் கோபுரத்திலை ஒருத்தன் மூண்டு மணித்தியாலமாய் பைனாகுலராலை என்னையே பார்த்துக்கொண்டு நிண்டவன். ஒருக்காலும் கண்ணை எடுக்கேல்லை. எனக்குப் பயமாய் இருக்கு." கைபேசியை அவர் முன் நீட்டினார். "இதுக்கு என்ன சொல்லுறியள்?"

தவமணி கதவைப் பிடித்தபடி நின்றார்.

"அவன் ஒருக்காலும் கண்ணை எடுக்கேல்லை எண்டு பிள்ளைக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேட்டனீரோ?"